வங்கிக் கணக்குக் கட்டணங்களும் சுவிஸ் வாழ் தமிழ் முதியோரும்



மாதம் 5 பிராங் என்பது பெரிய தொகை அன்று. தொடருந்து நிலையத்தில் ஒரு கோப்பி அருந்தினால் ஏறக்குறைய அவ்வளவு செலவாகும். ஆயினும் ஆண்டு முடிவில் அது 60 பிராங்; கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிக் கணக்கு இருப்பின் 120. வேறு வங்கியின் பணப்பொறியில் பணம் எடுக்குந்தோறும் பெரும்பாலும் 2 பிராங், கடதாசியில் கணக்கறிக்கை பெறுவதற்கு ஒரு கட்டணம், கொடுப்பனவுக் கட்டளையைத் தபாலில் அனுப்பினால் இன்னொன்று. இவை அனைத்தும் சேர்ந்து யார்மீது விழுகின்றன என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி.

1983 இற்குப் பின்னர் சுவிற்சர்லாந்துக்கு வந்த தமிழர் பலருக்கு முதற் கணக்கு தபாலகத்துடனேயே அமைந்தது. 1906 இல் தொடங்கப்பட்ட தபாற் காசோலைச் சேவையின் தொடர்ச்சியே இன்றைய போஸ்ற்பினான்ஸ் நிறுவனம். மாத முடிவில் மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தையும் செலுத்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு கருமபீடத்துக்குச் சென்று, வாடகை, மருத்துவக் காப்புறுதி, தொலைபேசி ஆகியவற்றைக் காசாகச் செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் முத்திரை பெற்று வருவது அந்தத் தலைமுறையின் வழக்கம். மொழி தெரியாத நாட்டில் அந்த முத்திரை ஒரு பாதுகாப்பு. செலுத்தவில்லை என்று எவரும் சொல்ல முடியாது அல்லவா?

அந்த உலகம் மெல்ல மெல்ல மறைந்தது. 2020 யூன் 30 இல் கியூஆர் சிட்டை அறிமுகமானது. 2022 செப்ரெம்பர் 30 உடன் செம்மஞ்சள், சிவப்புச் செலுத்துச் சீட்டுகள் செல்லுபடியற்றனவாயின. தபாற் சேவை தானே நடத்தும் ஏறத்தாழ 770 கிளைகளை 2028 இற்குள் 600 அளவுக்குக் குறைக்கவுள்ளதாக 2024 இல் அறிவித்தது.

கணக்குக் கட்டணம் உயர்ந்ததற்குச் சொல்லப்பட்ட காரணமும் அறியத்தக்கது. சுவிஸ் தேசிய வங்கி 2015 யனவரியில் தன் வட்டி வீதத்தைச் சுழியத்துக்குக் கீழே 0.75 சதவீதத்துக்கு இறக்கியது. போஸ்ற்பினான்ஸ் கடனும் வீட்டுக்கடனும் தானாக வழங்குவதைச் சட்டம் தடுக்கிறது. மக்களிடம் பெறும் பணத்தை முதலீடு செய்தே அது வருமானம் ஈட்ட வேண்டும். வட்டி வீழ்ந்தபோது அந்த வருமானமும் வீழ்ந்தது. 2019 யனவரி முதல் தனியார் கணக்குக்கு மாதம் 5 பிராங் என்ற கட்டணம் வந்தது. 25,000 பிராங்குக்கு மேல் வைத்திருந்தோர் அதிலிருந்து அப்போது விலக்குப் பெற்றனர். இல்லாதவர் செலுத்த, உள்ளவர் செலுத்தாதிருக்கும் இந்த ஒழுங்கு வங்கிக் கணக்கியலில் சரியாக இருக்கலாம். நியாயத்தின் கணக்கில் அது அவ்வளவு சரியாகத் தோன்றவில்லை. எதிர்மறை வட்டி 2022 செப்ரெம்பரில் நீக்கப்பட்ட பின்னரும் கட்டணம் நீங்கவில்லை. கடன் தடையை நீக்கும் அரசின் முன்மொழிவையும் நாடாளுமன்றம் அதே ஆண்டில் ஏற்க மறுத்தது.

முப்பது வயதில் வந்து உணவகச் சமையலறையிலோ துப்புரவுப் பணியிலோ உழைத்து ஓய்வுபெற்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள். முழுமையான முதியோர் ஓய்வூதியத்துக்கு 44 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும். அவருக்கு அது நிறைவடைவதில்லை. 2025 இல் அந்த முழு ஓய்வூதியத்தின் ஆகக் குறைந்த தொகையே மாதம் 1,260 பிராங். கடதாசியையும் கருமபீடத்தையும் நம்பியிருப்பவரும் அவரே, கட்டணத்தைக் கூடுதலாகச் செலுத்துபவரும் அவரே.

இதற்குக் குடும்பங்கள் கண்டுகொண்ட தீர்வு பிள்ளையின் கைத்தொலைபேசி. தந்தையின் கடவுச்சொல் மகனிடம், தாயின் அட்டையும் இரகசிய எண்ணும் மகளிடம். பணம் மிச்சமாகிறது, உண்மை. ஆனால் கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுப்பது, அவர் பெற்ற பிள்ளையாயினும், வங்கியுடனான ஒப்பந்தத்தை மீறுவதாகும். பணம் களவுபோனால் வங்கி பொறுப்பேற்க மறுக்கலாம். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. நாற்பது ஆண்டுகளாகத் தன் வாடகையைத் தானே செலுத்தியவர், தன் கணக்கில் எவ்வளவு உண்டு என்பதைப் பிள்ளையிடம் கேட்டு அறியும் நிலைக்கு வருகிறார்.

முறையான வழி உண்டு. ஊரில் அற்றோணித் தத்துவம் என்று வழங்குவதைப் போன்ற ஃபோல்மாக்ற் என்னும் அதிகாரப் பத்திரத்தை வங்கியே வழங்குகிறது. அதன்படி பிள்ளை தன் பெயரில், தன் கடவுச்சொல்லுடன் பெற்றோரின் கணக்கை இயக்கலாம். யார் எதைச் செய்தார் என்பது பதிவில் இருக்கும். பெற்றோர் விரும்பும்போது அதை இரத்துச் செய்யலாம்.

கட்டணத்தைக் குறைப்பதற்கும் வழிகள் உண்டு. முதலாவது, பயன்படுத்தாத கணக்குகளை மூடுதல். பல வீடுகளில் முன்னொரு காலத்தில் கடனுக்காகவோ சேமிப்புக்காகவோ திறந்த கணக்குகள் மறக்கப்பட்டுக் கிடக்கின்றன. கணக்கு உறங்கினாலும் கட்டணம் உறங்குவதில்லை. மூடும்போது கட்டணம் கேட்கப்படுமா என்பதை முன்னரே எழுத்தில் கேட்டறிதல் நன்று. மாதாந்தம் மாறாத தொகைகளுக்கு நிரந்தரக் கட்டளை கொடுத்துவிட்டால் கருமபீடத்துக்குச் செல்லும் தேவை பாதியாகக் குறையும். 24 கன்ரோன் வங்கிகளின் கட்டணங்களும் ஒரே அளவானவை அல்ல. ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். நியோன், யூ போன்ற கைத்தொலைபேசி வங்கிகளில் அடிப்படைக் கணக்குக் கட்டணம் இல்லை. கருமபீடமும் இல்லை என்பதை மறக்கலாகாது. முதியவருக்கு அது பொருந்துமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்ப் பாடசாலைகள், ஆலயங்கள், ஊர்ச் சங்கங்கள் ஆகியவற்றின் பொருளாளர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தபாலகக் கருமபீடத்தில் ஒருவர் காசாகச் செலுத்தும்போது அதற்கான கட்டணம் பணத்தைப் பெறுபவரின் கணக்கிலேயே கழிகிறது. செலுத்துபவருக்கு அது தெரியவே தெரியாது. நூறு பெற்றோர் மாதந்தோறும் கருமபீடத்தில் செலுத்தினால் நூறு முறை கழியும். கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்வதே பாடசாலைக்கு ஒரு நன்கொடை.

கட்டண மாற்றத்தை அறிவிக்கும் கடிதம் பெரும்பாலும் ஜேர்மன் அல்லது பிரெஞ்சு மொழியில், விளம்பரத் தாளைப் போன்ற தோற்றத்துடன் வரும். குறித்த நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே வங்கி கொள்ளும். ஆகவே அதைக் குப்பையில் இடுமுன் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் செய்யுங்கள்.

பிழையாகப் பணம் கழிக்கப்பட்டிருப்பின் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். பதில் நிறைவளிக்காவிடின் சூரிச்சில் 1993 முதல் இயங்கும் வங்கி முறைகேள் அதிகாரியை அணுகலாம். சாதாரண வாடிக்கையாளருக்கு அச்சேவை இலவசம். ஆனால் கட்டணம் ஏன் இவ்வளவு உயர்வு என்ற வினாவை அவர் விசாரிப்பதில்லை. அது பேர்ணில் உள்ள விலைக் கண்காணிப்பாளருக்கு உரியது. அவருக்கு எவரும் எழுதலாம்.

இறுதியாக, கணக்கே மறுக்கப்படுவோர் குறித்து ஒன்று. 2012 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த அஞ்சற் சட்டத்தின்படி, சுவிஸில் வதிவிடம் உள்ளோருக்குக் கொடுப்பனவுக் கணக்குத் திறந்து நடத்தும் அடிப்படைச் சேவை போஸ்ற்பினான்சின் கடமையாகும். பணச்சலவைத் தடைச் சட்டம் போன்றவற்றின் அடிப்படையில் விலக்குகள் உண்டு. மறுப்பு வந்தால், எந்த விலக்கின்கீழ் மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தருமாறு கேளுங்கள். வாய்மொழிப் பதிலுடன் திரும்பி வந்துவிடாதீர்கள்.