முகாம் வாழ்வும் பெண்ணின் மனமும்



அகதிப் பெண்களின் மனநலம் மருத்துவர்கள் பேச வேண்டிய பொருள்தானே, தலித் இலக்கிய மேடையில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் மலையக மக்களின் வரலாறே அதற்குப் பதில்.

19ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்த, இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் நம் சேரிகளிலிருந்து போனவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் தலைகளை எண்ணிப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அம்மக்களைக் கேட்கவே இல்லை. 1983 வன்முறைக்குப் பின் ராமேஸ்வரம் கரைக்கு வந்த படகுகளில் இவர்களும் இருந்தார்கள். பாட்டன் ஊருக்குத் திரும்பிய பேத்திக்குக் கிடைத்த பெயர் அகதி. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஈழத்திலும் மலையகத்திலும் பெண்கள் மனச்சோர்வு என்று சொல்வது குறைவு. ‘ஒரே யோசனை’ என்பார்கள். தலை விறைக்கிறது, நெஞ்சை அடைக்கிறது, நித்திரை இல்லை என்பார்கள். போர் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பதை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். முகாமில் இன்னொன்றும் உண்டு. இங்கேயே பிறந்து, போரையே பார்க்காத பெண்ணுக்கும் அந்த யோசனை இருக்கிறது. அவளுடைய காயம் பழையதல்ல. தினமும் புதிதாக உண்டாகிறது.

எப்படி உண்டாகிறது? பத்துக்குப் பத்து அறையில் மாமியார், கணவன், வயதுக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் இருக்க வேண்டும். பொதுக் கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். படித்த ஆணும் பெயின்ட் வேலைக்குத்தான் போக முடிகிறது. அவனுடைய அவமானம் குடியாகி, அடியாகி அவள்மேல் இறங்குகிறது. புகார் கொடுத்தால் கணவனைச் சிறப்பு முகாமில் அடைத்துவிடுவார்களோ என்ற பயம். எனவே வாய் மூடிக்கொள்கிறாள். வெளியே சொல்லவும் வழியில்லை, உள்ளே அழவும் இடமில்லை. இதற்கு மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

2021இல் தமிழ்நாடு அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர அறிவித்தது. உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும் மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும் உயர்த்தியது. வரவேற்போம். கதவைத் தாழிட்டுக்கொள்ள ஓர் அறை கிடைப்பதும் மனநல சிகிச்சைதான். ஆனால் அந்தத் தொகையிலும் தலைவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று. கணவன் இருக்கும் வீட்டில் தலைவர் பெரும்பாலும் யார் என்று நமக்குத் தெரியும்.

நம் கோரிக்கைகள் நான்கு. பெண்ணின் பங்கு அவள் கைக்கே போக வேண்டும். அவள் மொழி தெரிந்த பெண் ஆலோசகர் முகாமுக்கே வர வேண்டும். வன்முறைப் புகார் குடும்பத்தின் அகதிப் பதிவைப் பாதிக்கக் கூடாது. இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை வழி திறந்தது; அதன்படி அவர்களுக்குக் குடியுரிமை வேண்டும்.

‘அனுசரித்துப் போ’ என்று சேரிக்குச் சொன்னவர்களை நாம் கேள்வி கேட்டோம். முகாம் பெண்ணிடம் அதையே ஆலோசனை என்ற பெயரில் சொன்னால் நாம் சும்மா இருக்கக் கூடாது. மாணவர்களே, உங்கள் மாவட்டத்து முகாம் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெய்பீம்.