சொல்லை மாற்றினால் கதை நிற்குமா?

(கல்கிசையில் நடைபெற்ற இலக்கியக் கூட்டமொன்றில் இளம் எழுத்தாளர் ஒருவர் ஆற்றிய உரை)



என் பழைய சிறுகதைகளை நூலாக்க முன்வந்த பதிப்பாளர் ஒருவர் யோசனை ஒன்று கூறினார். 'கமக்காரன்' என்று வரும் இடமெல்லாம் 'விவசாயி' என்று திருத்திவிட்டால் கடல் கடந்த வாசகருக்கும் விளங்கும் என்றார். நல்லெண்ணத்துடனேயே கூறினார். ஆயினும் நான் இணங்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இங்கு நிற்கின்றேன்.

கமக்காரன் என்பவன் உழுது பயிரிடுபவன் மட்டுமோ? யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில், நிலமற்ற கூலியாள் தன் நிலவுடைமையாளனை அச்சொல்லாலேயே பணிந்து குறித்தான். ஏரின் பெருமையும் அதிகாரத்தின் கொடுமையும் அந்த ஒரே சொல்லில் அடங்கிக் கிடந்தன. கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவலைப் படித்தோர் அச்சமூகத்தை அறிவர். விவசாயி என்று மாற்றிவிட்டால் உழைப்பு எஞ்சும், அநீதி மறைந்துவிடும். அஃது என் கதையின் முதுகெலும்பையே உருவுவதாகும்.

இந்த வழக்கு புதியதன்று. 1960களின் தொடக்கத்தில், உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையில் எழுதுவது இழிசனர் வழக்கு எனப் பண்டிதர் சிலர் சீறினர். கைலாசபதியும் சிவத்தம்பியும் மறுத்து நின்றனர். அதற்கு முன்னரே, யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்திய டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்திருந்தது. பண்டிதர் தோற்றனர் என்று நாம் மகிழ்ந்தோம். ஆனால் அன்று இழிவு என்று தள்ளப்பட்ட சொல்லை, இன்று விளங்காது என்று தள்ளுகின்றனர். காரணம் மாறிற்று, கதவு அதே கதவு!

கிழக்கிலே பாருங்கள். மட்டக்களப்பு நிலத்தில் வேளாண்மை என்றால் வயலில் நிற்கும் நெற்பயிரே கண்முன் வரும். வள்ளுவரிடத்தில் அச்சொல் பிறருக்கு உதவுதலைக் குறிக்கும். தமிழகத்திலோ அது ஓர் அரசுத் துறையின் பெயர். பெரிய நீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணன் தம் காவியத்துக்கு 'வேளாண்மை' என்றே பெயரிட்டார். அவர் 1975இல் மறைந்த பின்னரே அது நூலாயிற்று. அச்சொல்லை அவர் படைக்கவில்லை. களத்து மேட்டில் கிடந்ததை எடுத்துக் காவியத்தின் முகப்பிலே வைத்தார். படைப்பென்பது பெரும்பாலும் அவ்வளவே என்பது என் எண்ணம். புதுச்சொல் ஆக்குவோர் அகராதிக்குத் தொண்டு செய்கின்றனர். அதை நான் குறைகூறவில்லை.

அதற்காக வட்டாரச் சொற்களைக் கோத்து மாலையாகத் தொங்கவிடுவதும் கலையாகாது. சில கதைகளைப் படிக்கையில் பொருட்காட்சிக்குள் நுழைந்தது போலிருக்கின்றது; ஏர் உண்டு, உழவன் இல்லை. அடிக்குறிப்பும் எனக்கு உடன்பாடன்று. 'விடியுமுன் துலா மிதித்தார், சூரியன் ஏறுமுன் தோட்டம் நனைந்தது' என்று எழுதினால், துலாவைக் கண்டிராத கல்கிசைச் சிறுவனுக்கும் அது நீரிறைக்கும் கருவி என்பது விளங்காதோ? விளக்கும் வேலையை வாக்கியமே செய்யவேண்டும். அதைச் செய்யமாட்டாதவன் வாசகன்மீது பழி போடலாகாது.

துலா போயிற்று, இயந்திரம் வந்தது. ஆயினும் இறைப்பு என்ற சொல் போகவில்லை. எண்ணெய் விலையை நொந்துகொண்டே இன்றும் இறைப்புக்குப் போகின்றனர். தொழில் உள்ளவரை சொல்லும் வாழும். கொழும்பில் பிறக்கும் நம் பிள்ளைகளிடம் தொழில் இல்லை. ஆகவே சொல் அவர்களைச் சேர எழுத்தைத் தவிர வேறு வாய்க்கால் இல்லை.

என் நூல் கமக்காரனுடனேயே அச்சேறும்; வேறு பதிப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கின்றேன். வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்துள்ள கமக்காரப் பெரியோர் சிலர் இச்சபையில் உள்ளனர். நாற்று நடும்போதும் சூடு மிதிக்கும்போதும் வழங்கிய சொற்களை, கூட்டம் முடிந்ததும் எனக்குச் சொல்லியருள வேண்டுகின்றேன். குறிப்பேடு கொண்டு வந்துள்ளேன்.