தலையில் விழும் அடியும் சட்டம் தரும் உரிமையும்

(சிட்னியில் பெற்றோருக்கும் இளையோருக்குமான ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2014ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் சிட்னி துடுப்பாட்ட மைதானத்தில் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டுச் சரிந்ததை உங்களிற் பலர் தொலைக்காட்சியிற் கண்டிருப்பீர்கள். தலைக்கவசம் அணிந்திருந்தும், மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடி கிழிந்து, மூளையைச் சுற்றிக் குருதி கசிந்தமையால் இரு நாட்களின் பின் அவர் உயிர் பிரிந்தது. மண்டை பிளந்தாற்றான் மூளைக் காயம் என்னும் எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மூளைக் காயங்கள் ஒரே தன்மையன அல்ல. மண்டையோடு உடைந்து ஏற்படுவது ஒருவகை. மண்டை உடையாமலே மூளை உள்ளே அதிர்ந்து கன்றிப்போவது வேறொரு வகை. மண்டையோட்டிற்கும் மூளைக்கும் இடையே குருதி மெல்லக் கசிந்து தேங்குவதும் உண்டு. குருதி உறையாமல் மருந்து எடுக்கும் முதியவர்களில் இது பல நாட்கள் கழித்தும் வெளிப்படலாம். வாகனம் மோதும் வேகத்தில் நரம்பிழைகள் இழுபட்டுச் சிதைவது மற்றொன்று. இதில் முதற் படப்பிடிப்பிற் பெரிதாக எதுவும் தென்படாமற் போகலாம். எனவே "ஸ்கான் எல்லாம் சரியாம்" என்று நிம்மதி அடைவது எப்போதும் பொருத்தமன்று.

நம்மவர் பலர் வாழும் வெஸ்ட்மீட் பகுதியின் பெயரைத் தாங்கிய அளவுகோல் ஒன்று இன்று பல மருத்துவமனைகளிற் பயன்படுகின்றது. விபத்தின் பின் நோயாளியிடம் நாள்தோறும் 12 வினாக்கள் கேட்கப்படும்: வயது, பிறந்த நாள், மாதம், ஆண்டு, இருக்கும் இடம், முதல்நாட் காட்டிய படங்கள் என்பன. நினைவு நிலைகொள்ளாத இக்குழப்ப காலம் நீளும் அளவிற்குக் காயமும் கடியதாகக் கருதப்படும். நம் முதியவர்கள் பலருக்குக் கடவுச்சீட்டில் ஒரு பிறந்த நாள், வீட்டில் வேறொரு பிறந்த நாள்! இதனைச் செவிலியருக்கு முன்னரே சொல்லி வையுங்கள். மொழிபெயர்க்கப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். மருத்துவமனையின் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 131 450 என்னும் இலக்கத்தில் அரசின் தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவை இரவு பகலாக இயங்குகின்றது.

இந்தப் பதிவுகள் சட்டத்திற்கும் இன்றியமையாதவை. நியூ சவுத் வேல்சில் வாகன விபத்திற் கடும் மூளைக் காயமுற்றோருக்கு வாழ்நாட் பராமரிப்புத் திட்டம் உண்டு. சிறுவருக்கு 2006 ஒக்ரோபரிலும் வளர்ந்தோருக்கு 2007 ஒக்ரோபரிலும் இது தொடங்கியது. யார் பிழை என்று பாராமற் சிகிச்சை, புனர்வாழ்வு, பராமரிப்பாளர் செலவு என்பவற்றை ஏற்கும். அதிற் சேர்வதற்கான முக்கிய அளவுகோல்களுள் ஒன்று, அந்நினைவுக் குழப்பம் ஒரு கிழமைக்கு மேல் நீடித்ததா என்பதாகும்.

ஆனால் இழந்த வருமானத்தை அத்திட்டம் தராது. அதற்குக் கட்டாய வாகனக் காப்புறுதியிடம், நாம் 'கிரீன் ஸ்லிப்' என்பதிடம், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 28 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் விபத்து நாளிலிருந்தே வாரக் கொடுப்பனவு கணிக்கப்படும்; பொதுவான எல்லை 3 மாதங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நிகழ்ந்த விபத்துகளில், பிழை தம்முடையதாயினும் 52 வாரங்கள் வரை உதவி பெறலாம். பிறர் பிழையெனில் நட்டஈட்டுக் கோரிக்கைக்குப் பொதுவாக 3 ஆண்டுகள்.

மெல்பேண் உறவுகளுக்கு வழி வேறு. அங்கு 1987 முதல் போக்குவரத்து விபத்து ஆணைக்குழுவே, பிழை பாராது, மருத்துவச் செலவையும் வருமான உதவியையும் வழங்குகின்றது. ஓராண்டிற்குள் விண்ணப்பிப்பது முறை. காயம் பாரதூரமானது என்றும் பிறர் கவனக்குறைவால் நேர்ந்தது என்றும் நிறுவினால் நட்டஈட்டு வழக்கும் தொடரலாம். வேலையிடத்தில் விழுந்தோருக்கு இரு மாநிலங்களிலும் தொழிலாளர் காப்புறுதி உண்டு. பகுதிநேர வேலை செய்யும் மாணவரும் இதில் அடங்குவர்.

இனி, என் மனத்தை உறுத்தும் விடயத்திற்கு வருகின்றேன். நான் அறிந்த ஓர் இளைஞர் விபத்தின் பின் நன்றாக நடந்தார், பேசினார். வீட்டிலோ அடுப்பை அணைக்க மறந்தார், சிறு சொல்லுக்கும் சீறினார், படிப்பைக் கைவிட்டார். காப்புறுதி நிறுவனம் அனுப்பிய மருத்துவரிடம் தந்தையார் சொன்னது: "தம்பி நல்ல சுகம், ஒரு பிரச்சினையும் இல்லை." மகனை ஊர் குறைவாக எண்ணுமே, நாளை திருமணம் பேசுவது எப்படி என்ற கவலைதான் அப்படிப் பேச வைத்தது. அந்த ஒரு வாக்கியம் கோப்பில் ஏறிவிட்டது. பின்னர் தாயார் சொன்ன உண்மைகளை நம்பவைக்க ஈராண்டுகள் பிடித்தன.

ஆகவே ஒரு கொப்பியில் நாள் குறித்து எழுதுங்கள். என்ன மறந்தார், எப்போது தலைவலி, எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதைத் தமிழிலேயே எழுதலாம். நரம்பு உளவியல் நிபுணரின் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். ஸ்கான் காட்டாத மறதியையும் கவனக் குறைவையும் அது அளந்து காட்டும்.

சிறுவர் விடயத்தில் அவசரம் கூடாது. ஐந்து வயதிற் புலப்படாத குறை பதினைந்து வயதிற் படிப்பில் தெரியவரலாம். பிள்ளைக்கான சமரசத் தொகைக்கு நீதிமன்ற ஒப்புதல் வேண்டப்படுவதும் இதனாலேயே. வளர்ந்தோரும் இறுதித் தொகைக்குக் கையொப்பமிட்டபின் மீண்டும் கேட்பது பெரும்பாலும் இயலாது.

சட்டத்தரணி "வென்றாற்றான் கட்டணம்" என்றால், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவை யார் கொடுப்பது என்று எழுத்திற் கேளுங்கள். தனிநபர் காய வழக்குகளில் நட்டஈட்டில் இத்தனை வீதம் எனக்கு என்று சட்டத்தரணி கட்டணம் பேசுவதற்கு இவ்விரு மாநிலங்களிலும் அனுமதி இல்லை.

வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம். பிறர் முன் கேட்கத் தயங்குவோர் தேநீர் வேளையில் என்னிடம் வாருங்கள்.