‘புரிந்ததா?’ என்னும் வினா



வகுப்பறையில் மிகுதியாக ஒலிக்கும் வினா, ‘புரிந்ததா?’ என்பது. ‘புரிந்தது ஐயா’ என ஒரே குரலில் விடை வரும். அவ்விடையை நம்பிப் பல்லாண்டுகள் பாடம் நடத்தியவன் நான்.

ஒருநாள் வினைத்தொகை நடத்தினேன். காலம் மறைந்து நிற்கும் என்னும் இலக்கணத்தை மாணவர் பிழையின்றி ஒப்பித்தனர்; ‘ஊறுகாய்’ என எடுத்துக்காட்டும் கூறினர். வகுப்பு முடியுமுன், பாடநூலில் இல்லாத ஓர் எடுத்துக்காட்டைத் துண்டுத்தாளில் எழுதித் தரச் சொன்னேன். பெயர் எழுத வேண்டா என்றேன். பாதித் தாள்களில் ‘வந்த பையன்’, ‘படித்த பாடம்’ என்றிருந்தன. வினையும் பெயரும் சேரவேண்டும் என்பதை அறிந்திருந்தனர். காலம் மறையவேண்டும் என்பது நாவளவில் நின்றுவிட்டது.

மறுநாள் புதுப்பாடம் தொடங்கவில்லை. ‘வந்த பையன்’, ‘ஊறுகாய்’ இரண்டையும் கரும்பலகையில் எழுதி, ‘வந்தது எப்போது? ஊறுவது எப்போது?’ என்று மட்டும் கேட்டேன். “முதலாவதில் காலம் வெளியே தெரிகிறது ஐயா” என்றாள் ஒரு மாணவி. அதன்பின் குடிநீர், ஆடுகளம், ஏவுகணை எனச் சொற்கள் தாமே வந்தன.

மாணவர் நிலையறிந்து மறுநாள் பாடத்தை மாற்றிக்கொள்வதே வளரறி மதிப்பீடு. பருவ இறுதியில் அளந்து பார்ப்பது தொகுத்தறி மதிப்பீடு. 2012-13ஆம் கல்வியாண்டில் தமிழகப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை முன்னதற்கு 40, பின்னதற்கு 60 என மதிப்பெண் வகுத்தனர். நோக்கம் நன்று. ஆயினும் மதிப்பெண் புகுந்ததும், பல வகுப்பறைகளில் படம் ஒட்டிய அட்டைகளும் நிரப்பவேண்டிய பதிவேடுகளும் பெருகின. மறுநாள் பாடம் மாறவில்லை.

1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு இங்கு எண்ணத்தக்கது. மதிப்பெண் மட்டும், கருத்துரை மட்டும், இரண்டும் சேர்த்து என மூவகையாக மாணவர்க்கு வழங்கிப் பார்த்தார். கருத்துரை மட்டும் பெற்றவர்களே மேம்பட்டனர். மதிப்பெண் அருகில் நின்றபோது கருத்துரை பயன்தரவில்லை.

கவிஞர்களாகிய உங்களுக்கு இது புதிதன்று. நம் கூட்டத்தில் கவிதை படித்தவர்க்கு நூற்றுக்கு அறுபது என யாரும் கூறுவதில்லை. ‘மூன்றாம் அடியில் ஓசை தளர்கிறது’ என்கிறோம். அவர் திருத்தி வருகிறார். நம்முள் ஆசிரியராய் இருப்போர் இப்பழக்கத்தை வகுப்பறைக்கும் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு ஒரு துண்டுத்தாளும், மறுநாள் பாடத்தை மாற்றும் மனமும் போதும்.