எடை பார்த்துத்தான் மருந்து

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைக்குக் கிருமித்தொற்று வந்தால் டாக்டரை நினைப்போம், நர்ஸை நினைப்போம். மருந்தாளரை நினைப்பதில்லை.

ஜென்டமைசின் என்று ஒரு ஊசி மருந்து. பச்சிளம் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுப்பது. குப்பியோ பெரும்பாலும் பெரியவர்களுக்கான அளவில் வரும். பிள்ளைக்கு அதில் சில துளிதான். கணக்கில் தசமப் புள்ளி ஓரிடம் மாறினால் மருந்து பத்து மடங்கு ஏறிவிடும். குடத்துக்குப் போடும் உப்பைக் கோப்பையில் போட்ட கதைதான். பிஞ்சுச் சிறுநீரகம் அதைச் சீக்கிரம் வெளியேற்றாது. காது கேட்பதும் பாதிக்கப்படலாம். அதனால் எடை பார்த்துத்தான் மருந்து. பதுளை போதனா வைத்தியசாலையானாலும் சரி, எங்கானாலும் சரி, அந்தக் கணக்கை இன்னொரு முறை சரிபார்ப்பதில் மருந்தாளருக்கும் பங்கு உண்டு.

பசறையிலோ ஹப்புத்தளையிலோ லயத்தில் இருக்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. மூத்த பிள்ளை குடித்து மிஞ்சிய மருந்து அலுமாரியில் இருக்கும். பச்சிளம் பிள்ளைக்குக் கொடுக்க அதைத் தொடவே வேண்டாம். பிள்ளை பால் குடிக்கவில்லையா? உடம்பு சுடுகிறதா, சில்லிட்டுப் போனதா? விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும். பிறந்த எடை அதில்தான் இருக்கிறது.