லீவர் 'பி'-ல இருக்கு, கார் நிக்குமா?

முக்கூடல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல: "அண்ணே, அப்பாவுக்கு ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போறோம். முப்பது வருஷமா கியர் வண்டி ஓட்டினவர். எதைச் சொல்லிக் கொடுக்கணும்?" நல்ல கேள்வி. இந்த எபிசோடு முழுக்க அதுக்கான பதில்தான்.

ஆட்டோமேட்டிக் கார்ல லீவரை 'பி'-ல இருந்து எடுக்கணும்னா பிரேக்கை மிதிச்சிருக்கணும். மிதிச்சதும் ஒரு சுவிட்ச் சிக்னல் அனுப்பும், லீவரைப் பிடிச்சிருக்கிற சின்னப் பூட்டு விடும். இதுக்குப் பேர் ஷிஃப்ட் இன்டர்லாக். பல கார்ல பிரேக் லைட்டை எரிய வைக்கிறதும் அதே சுவிட்ச்தான். இந்தப் பூட்டு பழுதானா, கார்ல விளையாடுற குழந்தைகூட லீவரை இழுத்திட முடியும்.

ஆனா இன்டர்லாக் காவல் காக்கிறது 'பி'-ல இருந்து வெளியே போறதை மட்டும்தான். நீங்க நிஜமாவே 'பி'-க்குள்ள போயிட்டீங்களான்னு அது பார்க்கிறதில்லை.

2016-ல நடந்ததைப் பாருங்க. ஜீப் கிராண்ட் செரோக்கியோட சில மாடல்கள்ல லீவரைத் தள்ளினா, கையை விட்டதும் அது நடுவுக்கே திரும்பி வந்திடும். எந்த கியர்ல இருக்கோம்னு கைக்குத் தெரியாது, விளக்கைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். 'பி'-ன்னு நினைச்சு இறங்கினவங்க கார் உருண்டுச்சு. அந்த ஏப்ரல்ல கம்பெனி உலகம் முழுக்க சுமார் 11 லட்சம் கார்களுக்கு ரீகால் அறிவிச்சுது. ஜூன் 19 அன்னைக்கு, 'ஸ்டார் ட்ரெக்' படங்கள்ல நடிச்ச ஆன்டன் யெல்ச்சின், சரிவான தன் வீட்டு வாசல்ல, தன் ஜீப்புக்கும் செங்கல் தூணுக்கும் நடுவுல சிக்கி இறந்து போனார். வயசு 27.

அதுக்கு வந்த தீர்வு என்ன தெரியுமா? ஒரு சாஃப்ட்வேர் அப்டேட். டிரைவர் கதவைத் திறந்து இறங்கப் போனா கார் தானே 'பி'-க்குப் போயிடும். கதவு திறந்திருக்குன்னு அந்தக் காருக்கு முன்னாடியே தெரியும், மணி அடிச்சு எச்சரிக்கவும் செஞ்சுது. ஆனா தானா எதுவும் செய்யல. கோடு எழுதுற எனக்கு உறுத்துற இடம் இதுதான். பட்டனை அமுக்கினதாலயே வேலை முடிஞ்சுட்டுன்னு அர்த்தம் இல்லை. லீவர் வெறும் கோரிக்கைதான், முடிஞ்சுதான்னு கியர்பாக்ஸ்தான் சொல்லணும்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊர்ல நிறைய பேர் வாங்குறது ஏஎம்டி. 2014-ல மாருதி செலேரியோவோட வந்த வகை. அதுல 'பி'-யே கிடையாது! அங்க ஹேண்ட்பிரேக்தான் கதி. 'பி' இருக்கிற கார்லயும், அந்த நிலையில காரைப் பிடிச்சு நிறுத்துறது கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன இரும்புப் பல்லுதான். பாபநாசம் மலைப்பாதையில நிறுத்தும்போது மொத்த வெயிட்டையும் அது தலையில போடாதீங்க.

வரிசை இதுதான்: பிரேக்கை மிதிச்சபடியே ஹேண்ட்பிரேக் போடுங்க, லீவரை 'பி'-க்குத் தள்ளுங்க, டேஷ்போர்டுல எழுத்தைப் பாருங்க, காலை மெதுவா எடுங்க. கார் அசையலன்னா இன்ஜினை அணைச்சுட்டு இறங்குங்க.

'பி' இருக்கிற கார்னா இன்னொரு டெஸ்ட். சமதளத்துல, முன்னாடி பின்னாடி ஆள் இல்லாதப்ப, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஓடாம இக்னிஷனை மட்டும் ஆன் பண்ணுங்க. பிரேக்கை மிதிக்காம லீவரை இழுத்துப் பாருங்க. வந்துட்டா இன்டர்லாக் போச்சு. "அப்புறம் பாத்துக்கலாம்"னு விடாதீங்க, அன்னைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போன் பண்ணுங்க.

தம்பி, அப்பாகிட்ட இதை ஒரு தடவை செஞ்சே காட்டிடு. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.