மாணாக்கரும் தேகப்பயிற்சியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைகளின் கல்விக்கு நம் சங்கத்தார் செய்துவரும் உதவி யாவரும் அறிந்ததே. எனினும், உடலைப் பேணாது கல்வியை மட்டும் பேணுதல் ஓட்டை அகலில் நெய் வார்ப்பதை ஒக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், விளையாட்டு விழாவின்பொருட்டு நண்பகல் வெயிலில் ஓடிப் பழகிய மாணாக்கன் ஒருவன் மயங்கி வீழ்ந்தான். தெளிந்தபின் வினவ, காலையில் ஒன்றும் உண்ணவில்லை என்றான். அவனை ஓடுமாறு ஏவியவர் நாமே. “உண்டாயா?” என ஒரு சொல் கேட்டோமில்லை. அப்பிழை இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடல் வருந்த ஆடவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்துரைத்தது. ஆயின், ஊணின்றிச் செய்யும் பயிற்சி கேடே பயக்கும். ஓடுதற்கு ஒரு மணி நேரம் முன்னரே கேழ்வரகுக் கூழோ இட்டிலியோ அளவாய் உண்க. பகலுணவிற் பருப்பும் கீரையும் சேர்க்க. முதலில் மெல்ல நடந்து உடலைப் பதப்படுத்துக. வெயில் தணிந்தபின் ஆடுக. இடையிடையே நீர் பருகுக. தலை சுற்றினும் மார்பு வலிப்பினும் அக்கணமே நிறுத்துக. அது கோழைமை அன்று.

தாய்மார்களே! 2019–21-இல் இந்தியா முழுதும் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உற்றிருந்தனர். ஆண்மக்கள் உண்டு எஞ்சியதே பெண்மக்களுக்கு என்னும் வழக்கம் நம் இல்லங்களினின்று ஒழிக. அவர்களும் வயிறார உண்டு ஆடுக.

இனி, “எத்தனை மதிப்பெண்?” என்று வினவுமுன், “உண்டாயா? ஆடினாயா?” என்று வினவுவோமாக.